காயலான் கடைக்காரர் தொடாத குப்பை: குற்றவாளி யார்?

சென்னை.

"பழைய பேப்பர், இரும்பு, பிளாஸ்டிக்..." என்று கூவிக்கொண்டு வருகிறாரே மூன்று சக்கர வண்டிக்காரர், அவர் முன்னால் ஒரு வீட்டின் ஒரு வாரக் குப்பையைக் கொட்டினால் போதும். ஒரு நிமிடத்தில் தீர்ப்பு சொல்லிவிடுவார்.

பேப்பரை எடுப்பார். இரும்பை எடுப்பார். கழுவிக் காயவைத்த பால் கவரை எடுப்பார். தண்ணீர் பாட்டிலைக் காலால் மிதித்து நசுக்கிச் சாக்கில் போட்டுக்கொள்வார்.

ஷாம்பு பாக்கெட், சிப்ஸ் பாக்கெட், பிஸ்கட் உறை இவற்றை மட்டும் ஒதுக்கித் தள்ளுவார். "இது போகாதுங்க!" அவ்வளவுதான். மேல் முறையீடே கிடையாது.

அவர் ஒதுக்கிய குப்பை எங்கே போகிறது? பாதி சாக்கடைக்குப் போகிறது. மழை வந்தால் அதுதான் மழைநீர்க் கால்வாயின் வாயை அடைத்து, தண்ணீரை வீட்டுக்குள் அனுப்புகிறது. மீதி, மாநகராட்சி லாரி ஏறிக் குப்பைமேட்டுக்குப் போகிறது.

"ஜனங்களுக்குப் பொறுப்பு இல்லை, கண்ட இடத்தில் வீசுகிறார்கள்" என்பது எல்லோரும் சொல்லும் புகார். அது பொய்யும் அல்ல. ஆனால் விசாரணையை அங்கேயே முடித்துவிட்டால் உண்மைக் குற்றவாளி தப்பிவிடுவான். அதே ஜனங்கள்தான் பால் கவரைச் சேர்த்து வைத்து விற்கிறார்கள். அதே ஜனங்கள் ஷாம்பு பாக்கெட்டை ஏன் வீசுகிறார்கள்?

தினம் 5,000 டன்

சென்னை மாநகரில் தினமும் 5,000 டன்னுக்கு மேல் குப்பை சேருகிறது. வடக்கே கொடுங்கையூர், தெற்கே பெருங்குடி. பல ஆண்டுகளாக நகரத்தின் குப்பை முழுவதையும் வாங்கிக்கொண்டது இந்த இரண்டு இடங்கள்தான்.

பெருங்குடி குப்பைமேடு பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தின் மேலேயே வளர்ந்தது. 2022 ஏப்ரலில் அங்கே பிடித்த தீ நாள் கணக்கில் புகைந்தது. அக்கம்பக்கத்து ஜனங்கள் கதவு, ஜன்னலை அடைத்துக்கொண்டு தவித்தார்கள்.

கொடுங்கையூரில் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் ஆலை வரப்போகிறது என்றதும், 2025-ல் வடசென்னை மக்கள் மனிதச் சங்கிலியாகக் கைகோத்து எதிர்ப்புத் தெரிவித்தார்கள். "ஊர்க் குப்பை எல்லாம் எங்கள் தலையிலா?" என்பது அவர்கள் கேள்வி.

நியாயமான கேள்விதான். ஆனால் அதற்கு முன்னால் இன்னொரு கேள்வி இருக்கிறது. இந்தக் குப்பை ஏன் குப்பையாகவே பிறக்கிறது?

பால் கவர் நல்ல பிள்ளை

பால் கவர் ஒரே ஜாதி பிளாஸ்டிக். அதற்குப் பெயர் பாலிதீன். கழுவி, உருக்கி, மணியாக்கினால் மறுபடி வேறு பொருள் செய்யலாம். அதனால் அதற்கு விலை உண்டு. விலை இருப்பதால் தெருவில் கிடந்தாலும் யாராவது பொறுக்கிக்கொள்கிறார்கள்.

தண்ணீர் பாட்டிலும் அப்படித்தான். பாட்டில் 'பெட்' என்ற பிளாஸ்டிக். மூடி வேறு ஜாதி. இரண்டையும் ஒன்றாக அரைத்துத் தண்ணீரில் போட்டால் பாட்டில் தூள் மூழ்கும், மூடித் தூள் மிதக்கும். தண்ணீர்த் தொட்டியே தரம் பிரித்துக் கொடுத்துவிடும்.

இதில் ஒரு கில்லாடி வேலையும் நடக்கிறது. பார்வைக்குப் பளிச்சென்று இருக்கட்டும் என்று சில கம்பெனிகள் பாட்டிலைச் சுற்றி 'பி.வி.சி.' லேபிள் மாட்டுகின்றன. பி.வி.சி. தண்ணீரில் மிதக்காது. பாட்டில் தூளோடு சேர்ந்து மூழ்கும். உருக்கும்போது கருகி, அமில ஆவியைக் கக்கி, மொத்தச் சரக்கையும் கெடுத்துவிடும். ஒரு லேபிள் செய்கிற வேலை இது!

பாட்டிலுக்குப் பச்சை, நீலம் என்று சாயம் போட்டாலும் விலை இறங்கும். தெளிவான பாட்டிலில் இருந்து எந்த நிறமும் செய்யலாம். சாயம் போட்டதை வெள்ளையாக்க முடியாது. தென் கொரியா 2019 டிசம்பரில் நிறம் போட்ட பெட் பாட்டிலுக்கே தடை போட்டது. ஜப்பான் கம்பெனிகள் அதற்கு வெகு முன்பே நிறத்தைக் கைவிட்டுவிட்டன.

ஆக, பாட்டிலின் தலையெழுத்து குப்பைத் தொட்டியில் எழுதப்படுவது இல்லை. கம்பெனியில் அதை வரைந்தாரே, அவருடைய மேஜையில் எழுதப்படுகிறது.

ஷாம்பு பாக்கெட்டின் ரகசியம்

இப்போது ஷாம்பு பாக்கெட்டுக்கு வருவோம். கையில் பிடித்தால் ஒற்றைக் காகிதம் மாதிரித்தான் தெரியும். உள்ளே இரண்டு மூன்று அடுக்கு இருக்கிறது!

அச்சடிக்க வெளியே ஒரு வகை பிளாஸ்டிக். காற்றும் வெளிச்சமும் புகாமல் இருக்க நடுவில் அலுமினியப் பூச்சு. சூடு வைத்து ஒட்ட உள்ளே பாலிதீன். எல்லாம் தலைமுடியை விட மெல்லிசு. எல்லாம் ஒன்றோடு ஒன்று பசை போட்டு ஒட்டியது.

பாலிதீன் 110 டிகிரி வாக்கில் உருகும். வெளி அடுக்கு உருக 250 டிகிரி வேண்டும். ஒன்று உருகும்போது மற்றது உருகாது. சேர்த்து உருக்கினாலும் இரண்டும் சரியாகக் கலக்காது. பிரித்தெடுக்கும் செலவில் புதுப் பாக்கெட்டே செய்துவிடலாம்.

எடையும் இல்லை. காலி பாக்கெட் ஒன்று ஒரு கிராம்கூடத் தேறாது. ஒரு கிலோ சேர்க்க ஆயிரம் தடவைக்கு மேல் குனிந்து நிமிர வேண்டும். அப்படிக் குனிந்தாலும் வாங்க ஆள் இல்லை. எந்தத் தொழிலாளி குனிவார்?

அதனால்தான் "இது போகாதுங்க!"

கடைசியில் இதற்குக் கதி, சிமெண்ட் ஆலைச் சூளைதான். நிலக்கரியோடு சேர்த்து எரிப்பார்கள். எரித்தபின் திரும்பி வருவது ஏது? ஒரு தடவை தலை குளிக்கச் செய்த பொருள், ஒரே தடவையில் சாம்பல்.

கடலூரில் பிறந்த பாக்கெட்

இந்தப் பாக்கெட் வெளிநாட்டுச் சரக்கு என்று பலர் நினைக்கிறார்கள். இந்தியாவில் இதைச் சக்கைப்போடு போட வைத்தது நம்ம கடலூர்! பாட்டில் வாங்க வசதி இல்லாத கூலிக்காரரும் ஷாம்பு போட வேண்டும் என்று யோசித்தவர் கடலூர் சின்னி கிருஷ்ணன். அவர் பிள்ளைகள் அந்த யோசனையை வியாபாரமாக்கினார்கள். அவர்களில் ஒருவரான சி.கே.ரங்கநாதன் 1983-ல் தனியாகப் பிரிந்து வந்து 'சிக்' ஷாம்பு போட்டார்.

ஏழைக்கும் ஷாம்பு கிடைத்தது. அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. தினக்கூலி வாங்குகிறவர் அன்றன்றைக்குத்தான் வாங்க முடியும். "பெரிய பாட்டில் வாங்கு" என்று அவருக்குப் புத்தி சொல்வது, அரிசி இல்லாதவரைப் பலகாரம் சாப்பிடச் சொல்வது மாதிரி.

ஆனால் அந்தக் கதையில் பலரும் மறந்துபோன ஒரு கட்டம் இருக்கிறது.

5 காலி கவருக்கு 1 ஷாம்பு!

சந்தையில் கால் ஊன்ற, சிக் கம்பெனி ஒரு திட்டம் போட்டது. எந்தக் கம்பெனி ஷாம்புவாக இருந்தாலும் சரி, 5 காலி பாக்கெட் கொண்டுவந்தால் ஒரு சிக் பாக்கெட் இலவசம்! பிறகு, சிக் காலி பாக்கெட்டுக்கு மட்டும் என்று மாற்றினார்கள். விற்பனை பல மடங்கு எகிறியது.

கம்பெனியின் நோக்கம் வியாபாரம். குப்பையைக் குறைப்பது அல்ல. ஆனால் அதில் ஒரு உண்மை வெளியே வந்துவிட்டது. எவரும் தொடாத காலி பாக்கெட்டுக்கும் ஒரு மதிப்பு வைத்தால், ஜனங்கள் அதைப் பத்திரமாகச் சேர்த்துக் கடைக்குக் கொண்டுவருவார்கள். "ஜனங்களுக்குப் பொறுப்பு இல்லை" என்ற வாதம் அங்கேயே அடிபட்டுப் போகிறது.

திரும்பி வாங்கும் கடையும் இருந்தது. கொண்டுவரும் ஜனமும் இருந்தது. திட்டம் முடிந்ததும் பாக்கெட் மறுபடி தெருவுக்குப் போனது.

பாட்டிலுக்கு 10 ரூபாய்

இந்தப் பாடத்தை நீலகிரி யானைகள் மறுபடி நினைவுபடுத்தின. காட்டுக்குள் குடித்துவிட்டு வீசிய மது பாட்டில் உடைந்து, யானையின் காலைக் கிழிக்கிறது என்ற விவகாரம் சென்னை ஐகோர்ட்டுக்குப் போனது. காலி பாட்டிலைத் திரும்ப வாங்க வழி செய்யுங்கள் என்று கோர்ட்டு உத்தரவு போட்டது.

2022 மே 15 முதல் நீலகிரி டாஸ்மாக் கடைகளில் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கினார்கள். காலி பாட்டிலைக் கொடுத்தால் 10 ரூபாய் வாபஸ். பெரும்பாலான பாட்டில்கள் திரும்பி வந்தன. குடித்தவர் வீசிப்போனாலும், பின்னால் வருகிறவர் பொறுக்கிக் கடையில் கொடுத்துக் காசு வாங்கிக்கொண்டார். பிறகு கோவை, பெரம்பலூர் என்று திட்டம் மாவட்டம் மாவட்டமாகப் பரவியது.

சங்கடமும் இல்லாமல் இல்லை. ஸ்டிக்கர் ஒட்டுவது, காலி பாட்டிலை எண்ணுவது, அடுக்க இடம் தேடுவது எல்லாம் எங்கள் தலையில் என்று டாஸ்மாக் ஊழியர் சங்கங்கள் கொடி பிடித்தன. பேசித் தீர்க்க வேண்டிய விஷயம்தான். வேலை கூடினால் ஆளும் கூட வேண்டும், கூலியும் கூட வேண்டும்.

ஆனால் 10 ரூபாய் செய்த வேலையைப் போலீஸ்காரரும் செய்திருக்க முடியாது. அபராதப் பலகையும் செய்திருக்க முடியாது.

கோலி சோடா பாட்டிலும், கூல் டிரிங்ஸ் கிரேட்டும் இப்படித்தானே ஓடின? காலி பாட்டில் கொடுத்தால்தான் புது பாட்டில் என்பது எந்தப் பெட்டிக்கடைக்காரருக்கும் தெரிந்த கணக்கு. ஜெர்மனியில் 2003 முதல் ஒரு தடவை பாவிக்கும் பாட்டிலுக்கும் டப்பாவுக்கும் முன்பணம் வாங்குகிறார்கள். 100-க்கு 98 திரும்பி வருகிறது. அதே ஊரில் 1969 முதல் பல கம்பெனிகள் ஒரே வடிவத்தில் சோடா பாட்டில் வைத்திருக்கின்றன. யார் பாட்டிலை யார் வேண்டுமானாலும் கழுவி நிரப்பலாம். ஒரே பாட்டில் 50 தடவை வரை ஓடுகிறது!

சட்டத்தில் விழுந்த ஓட்டை

அடுக்கு அடுக்காக ஒட்டிய பாக்கெட் ஆபத்து என்று சர்க்காருக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும்.

2016-ல் மத்திய அரசு பிளாஸ்டிக் கழிவு விதிகள் கொண்டுவந்தது. மறுசுழற்சி செய்ய முடியாத பல அடுக்கு உறையை இரண்டே ஆண்டில் ஒழிக்க வேண்டும் என்று அதில் போட்டார்கள். கம்பெனிகளுக்கு வியர்த்தது.

2018 மார்ச்சில் கெடு முடிகிற நேரம். விதியில் சில வார்த்தைகள் சேர்ந்தன. மறுசுழற்சி செய்ய முடியாவிட்டாலும், எரித்துச் சக்தி எடுக்க முடிந்தாலோ, வேறு ஏதாவது உபயோகம் இருந்தாலோ பரவாயில்லை என்று ஆனது!

எரியாத பிளாஸ்டிக் எது? கடிவாளம் கழன்றது. பாக்கெட் தப்பியது.

2022 பிப்ரவரியில் மறுபடி இறுக்கினார்கள். உறை போடும் கம்பெனியே அந்த உறைக்குப் பொறுப்பு. பல அடுக்கு உறையில் 2024-25-ல் 100-க்கு 30 பங்கு மறுசுழற்சி ஆக வேண்டும். 2027-28-ல் அது 60 ஆக வேண்டும். நேரடியாகச் செய்ய முடியாத கம்பெனி, மறுசுழற்சி ஆலையிடம் சான்றிதழ் விலைக்கு வாங்கிக் கணக்குக் காட்டலாம்.

அங்கேதான் கில்லாடிகள் நுழைந்தார்கள்.

6 லட்சம் போலிச் சான்றிதழ்!

2023-ல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தணிக்கை நடத்தியபோது குட்டு வெளிப்பட்டது. குஜராத், மராட்டியம், கர்நாடகத்தில் 4 ஆலைகள் மட்டும் சுமார் 6 லட்சம் போலிச் சான்றிதழ் தயாரித்தது தெரியவந்தது. ஆலையின் சக்திக்கு மீறிய கணக்கு. காகிதத்தில் மறுசுழற்சி. குப்பை மட்டும் தெருவிலேயே!

கள்ள நோட்டு அடித்தால் ஜெயில். இதுவும் ஒரு வகைக் கள்ள நோட்டுதான். கம்பெனி காசு கொடுத்தது, கணக்கு முடிந்தது. குப்பையை அள்ளும் துப்புரவுத் தொழிலாளிக்கும், சாக்கு தூக்கும் பெண்ணுக்கும் அதில் ஒரு பைசாகூட வந்து சேரவில்லை.

சின்னக் கடைக்கு அபராதம்

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் 14 வகை பிளாஸ்டிக்குக்குத் தடை. கேரி பேக், பிளாஸ்டிக் கப், உறிஞ்சு குழாய் எல்லாம் அதில் அடக்கம். தள்ளுவண்டிக்காரரிடமும் மளிகைக் கடைக்காரரிடமும் பை பிடிபட்டால் பறிமுதல், அபராதம்.

அதே கடையில் தலைக்கு மேல் ஷாம்பு, பாக்கு, காபித்தூள் பாக்கெட்டுகள் சரம் சரமாகத் தொங்கும். ஆலையிலேயே அடைத்து வருகிற உறைக்கு ஆரம்பத்தில் விலக்கு. 2020-ல் அந்த விலக்கை அரசு வாபஸ் வாங்கியது. ஆனாலும் சரம் தொங்குவது நின்றபாடில்லை.

"பத்து பைசா பைக்கு எங்களைப் பிடிக்கிறீங்க, கோடிக்கணக்கில் பாக்கெட் விடுகிற கம்பெனியை ஏன் கேட்பதில்லை?" என்று வியாபாரிகள் குமுறுவதில் நியாயம் இல்லாமல் இல்லை. கடைக்காரர் கம்பெனி கொடுப்பதைத்தான் விற்க முடியும். பாக்கெட் எப்படி இருக்க வேண்டும் என்று அவரை யாரும் கேட்டதில்லை.

செல்போனிலும் இதே கதை

பாக்கெட்டோடு இது நிற்கவில்லை. ஒரு காலத்தில் செல்போன் பின்மூடியை நகத்தால் கழற்றலாம். பேட்டரி போனால் புதுசு வாங்கிப் போட்டுக்கொள்ளலாம். இப்போது பேட்டரியைப் பசை போட்டு ஒட்டி, மேலே கண்ணாடி வைத்து மூடுகிறார்கள். ரிச்சி தெரு ரிப்பேர்காரர் சூடு காட்டி, நோண்டி, பயந்து பயந்து எடுக்க வேண்டியிருக்கிறது. பேட்டரி குத்துப்பட்டால் தீப்பிடிக்கும்.

பசைக்குப் பதில் நாலு திருகாணி வைத்திருந்தால் அந்தப் போன் இன்னும் மூன்று வருஷம் ஓடும். அப்புறம் புதுப் போன் யார் வாங்குவார்? ரகசியம் அதில்தான் இருக்கிறது.

ஐரோப்பிய நாடுகள் இதற்குக் கடிவாளம் போட்டிருக்கின்றன. சாதனத்தில் இருக்கும் சிறு பேட்டரியை உபயோகிப்பவரே கழற்றி மாற்றும்படி செய்ய வேண்டும் என்று 2023-ல் சட்டம் போட்டு, 2027 பிப்ரவரி 18-ஐக் கெடுவாக வைத்தார்கள். பிரான்சில் 2021-ல் போன், டி.வி., வாஷிங் மெஷின் மீது 10-க்கு எத்தனை மார்க் என்று ஒட்ட வேண்டும் என்று விதி கொண்டுவந்தார்கள். எளிதில் பிரிக்க முடியுமா, உதிரி பாகம் கிடைக்குமா, என்ன விலை என்று பார்த்துப் போடும் மார்க் அது. நம் நாட்டிலும் இப்படி மார்க் போடலாம் என்று மத்திய அரசு அமைத்த குழு 2025 மே மாதம் அறிக்கை கொடுத்தது.

விலை மட்டும் போதாது

"விலை வைத்தால் எல்லாம் சரியாகிவிடும்" என்று முடித்துவிடவும் முடியாது. கார், இன்வெர்ட்டர் பேட்டரியைப் பாருங்கள். பழசைக் கொடுத்தால் புதுசில் விலை குறைப்பார்கள். ஈயத்துக்கு நல்ல கிராக்கி. அதனால் ஒரு பேட்டரியும் குப்பைத் தொட்டிக்குப் போவதில்லை.

ஆனால் அதில் எத்தனையோ திருட்டு உலைகளுக்குப் போகிறது. கையுறை இல்லை, புகைபோக்கி இல்லை. வெறுங்கையால் உடைத்து, திறந்த வெளியில் ஈயத்தை உருக்குகிறார்கள். உலகத்தில் மூன்று குழந்தைகளில் ஒரு குழந்தையின் ரத்தத்தில் கவலைப்படும் அளவு ஈயம் இருப்பதாக 2020-ல் யுனிசெப் அறிக்கை சொன்னது. இப்படிப்பட்ட பேட்டரி உலைகள் அதற்கு ஒரு முக்கியக் காரணம்.

ஆக, மூன்றும் சேர வேண்டும். பிரிக்கிற மாதிரி பொருள். திருப்பிக் கொடுத்தால் காசு. வாங்கியதை ஒழுங்காகக் கையாளும் ஆலை. ஒன்று குறைந்தாலும் கணக்கு இடிக்கும்.

தீர்ப்பு என்ன?

செய்ய முடியாத காரியம் எதுவும் இதில் இல்லை. பல அடுக்குக்குப் பதில் ஒரே ஜாதி பிளாஸ்டிக்கில் உறை செய்யும் வித்தை வந்தாகிவிட்டது. செலவு கொஞ்சம் கூடும். எரிக்கிற உறைக்குக் கட்டணம் அதிகம், திரும்பி வருகிற உறைக்குக் கட்டணம் குறைவு என்று வைத்தால், கம்பெனி தானாகவே கணக்குப் போட்டு மாறும். போலிச் சான்றிதழுக்கு அபராதத்தோடு வழக்கும் போட்டால், காகிதக் கில்லாடிகள் அடங்குவார்கள்.

"பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம்!" என்று தெருவில் கூவியவர்கள் எந்தப் பள்ளிக்கூடத்திலும் இதைப் படிக்கவில்லை. பொருளுக்கு மதிப்பு இருந்தால் திரும்பி வரும், இல்லாவிட்டால் தெருவில் கிடக்கும். கணக்கு அவ்வளவுதான்.

குப்பையை வீசியவர் முதல் குற்றவாளி அல்ல. அள்ளாதவரும் அல்ல. வீசுவதைத் தவிர வேறு வழி இல்லாதபடி பொருளைச் செய்து, லாபத்தை எடுத்துக்கொண்டு, மிச்சத்தைக் கொடுங்கையூருக்கு அனுப்பியவர்தான் முதல் குற்றவாளி.

அடுத்த தடவை ஒரு கம்பெனி புதுப் பாக்கெட் இறக்கும்போது, நடிகையைக் கூப்பிட்டு விளம்பரம் எடுப்பதற்கு முன்னால், ஒரு காயலான் கடைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டட்டும். "இது போகும்" என்று அவர் சொன்னால் மார்க்கெட்டுக்கு விடட்டும்.